கணவாய் சிறுநீர் பிரிக்கும் வழி: வேலூர் மாணவர்களுக்கு ஒரு கைவழிகாட்டி

கணவாயை அறுத்துப் பார்க்க உட்காரும் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது சிறுநீரகத்தை. புத்தகப் படத்தில் அம்புக்குறி போட்ட இடத்தைக் கண்டுபிடித்ததும், "ரத்தம் இங்கே வடிகட்டப்படுகிறது" என்று நோட்டில் எழுதி மூடிவிடுகிறார்கள். அது தவறான விடை. கணவாயின் வடிகட்டி இருப்பது அதன் செவுளுக்கு அடியில் துடிக்கும் இதயத்தின் மேல். சிறுநீரகம் என்று நாம் பெயர் வைத்திருக்கும் பைக்கு வேறு வேலை. இந்த ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அதைப் பார்க்க வைப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

யாருக்காக எழுதுகிறேன் என்றால், பிளஸ் ஒன் விலங்கியல் படிப்பவர்கள், கல்லூரியில் முதலாண்டு சேர்ந்தவர்கள், டயாலிசிஸ் டெக்னாலஜி, நர்சிங் படிக்க வேலூர் வந்திருப்பவர்கள். நம் ஊருக்குக் கடல் கிடையாது. சென்னைக்கு நூற்று நாற்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கிறோம். ஆனால் சிறுநீரகம் பற்றிப் பேச இந்த ஊரைவிடப் பழகிய ஊர் தமிழ்நாட்டில் குறைவு. 1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை நடந்தது இங்கே சி.எம்.சி. மருத்துவமனையில். காந்தி ரோட்டு லாட்ஜ்களில் தங்கியிருப்பவர்கள் டீக்கடையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் ரத்தத்திலிருந்து நீக்க வேண்டிய ஒரு கழிவு) அளவைப் பற்றிப் பேசிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. அந்தப் பழக்கத்தையே மூலதனமாக வைத்துக்கொள்வோம்.

கத்தியைத் தொடும் முன்

மனித சிறுநீரகத்தின் மூன்று வேலைகளை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கிளாமருலஸ் என்ற நுண்ணிய ரத்த நாளச் சுருளில் ரத்த அழுத்தத்தின் தள்ளுதலால் நீரும் சிறு மூலக்கூறுகளும் வடிகின்றன. ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் வடியாமல் ரத்தத்திலேயே நிற்கின்றன. இது வடிகட்டுதல். ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் இப்படி வடிகிறது. அதில் ஏறத்தாழ எல்லாவற்றையும், குளுக்கோஸ், அமினோ அமிலம், உப்பு, நீர் உட்பட, குழல்கள் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. இது மீள உறிஞ்சுதல். கடைசியாக, வடிகட்டலில் தப்பிய சில கழிவுகளைக் குழல் சுவரே ரத்தத்திலிருந்து எடுத்துச் சிறுநீருக்குள் தள்ளுகிறது. இது சுரத்தல். மிஞ்சி வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவு.

கணவாயிலும் இதே மூன்று வேலைகள்தான். நமக்கு மூன்றும் ஒரே நெஃப்ரானுக்குள், அதாவது கிளாமருலஸும் குழலும் சேர்ந்த நுண்ணிய அலகுக்குள், ஒட்டி நடக்கின்றன. கணவாய் சேர்ந்த தலைக்காலி இனத்தில் அவை தனித்தனி இடங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. வெறும் கண்ணுக்கும் கைலென்ஸுக்கும் எட்டுகிற அளவில் பிரிந்திருப்பதால்தான் கற்பிக்க இதைவிட நல்ல விலங்கு இல்லை என்று நான் நம்புகிறேன். நெஃப்ரானை நுண்ணோக்கி இல்லாமல் யாரும் பார்க்க முடியாது. கணவாயின் வடிகட்டியைச் சமையலறை மேசையில் பார்க்கலாம்.

கல்லூரிகளில் விலங்கியல் அறுவைப் பயிற்சியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் நிறுத்தியது. எனவே வகுப்பில் இதைச் செய்து காட்டமாட்டார்கள். நாம் செய்யப்போவது, சாப்பாட்டுக்காகப் பிடித்து மார்க்கெட்டுக்கு வந்த கணவாயைக் கழுவுவதற்கு முன் உற்றுப் பார்ப்பது. இதற்கென்று ஓர் உயிரைக் கொல்லவில்லை.

மார்க்கெட்டில்

வேலூர் மீன் மார்க்கெட்டுக்குக் காசிமேட்டிலிருந்தும் மேற்குக் கடற்கரையிலிருந்தும் ஐஸில் சரக்கு வருகிறது. கணவாயில் மூன்று வகை உங்கள் கண்ணில் படலாம். நீளமாக, இருபக்கமும் துடுப்போடு, உள்ளே கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய தண்டு உள்ளது ஊசிக்கணவாய். சென்னைக்காரர்கள் கடம்பா என்பார்கள். அகலமாக, உள்ளே வெள்ளைச் சுண்ண ஓடு இருப்பது ஓட்டுக்கணவாய். அந்த ஓடுதான் நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பது, லவ் பேர்ட்ஸ் கூண்டில் தொங்கவிடுவதும் அதுவே. எட்டுக் கைகளோடு உருண்டைத் தலையுடையது பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ். இது நம் மார்க்கெட்டுக்கு எப்போதாவதுதான் வரும்.

முதல்முறை ஊசிக்கணவாயே வாங்குங்கள். உடல் சுவர் மெல்லியது, வெட்டுவது சுலபம், ரத்தப் பாதை நேராக இருக்கும். உங்கள் உள்ளங்கையைவிட நீளமானதாகத் தேர்ந்தெடுங்கள். சின்னதில் நாம் தேடும் உறுப்பு கடுகளவுகூட இருக்காது.

கேட்காவிட்டால் கடையில் சுத்தம் செய்துதான் கொடுப்பார்கள். தலையைப் பிடித்து இழுத்தால் குடலோடு எல்லாம் வந்துவிடும், நமக்கு வேண்டிய எல்லாமும் அதோடு குப்பைக்குப் போய்விடும். எனவே எடை போடும்போதே சொல்லிவிடுங்கள்: "அக்கா, கிளீன் பண்ணாதீங்க. தலைய பிக்காம முழுசா அப்படியே குடுங்க." "இன்னாப்பா, மையோட எடுத்தும்போயி இன்னா பண்ணப்போறே?" என்று கேட்பார்கள். படிப்புக்கு என்று சொன்னால் நல்லதாகப் பொறுக்கியே கொடுப்பார்கள். மீன்காரர்களுக்கு எது பழசு, எது புதுசு என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும்.

நீங்களும் பார்க்கத் தெரிந்துகொள்ள வேண்டும். தோலில் செம்பழுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். அடியிலுள்ள சதை வெள்ளையாக இருக்க வேண்டும். புள்ளிகளின் சாயம் கரைந்து சதை இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் நாளாகிவிட்டது. முகர்ந்தால் கடல் வாசனை வரலாம், மூக்கில் ஏறும் அம்மோனியா நெடி வரக்கூடாது. ஏப்ரல், மே மாத வேலூர் வெயிலில் பாலித்தீன் பையில் வெறுமனே தொங்கவிட்டுக் காட்பாடி வரை பஸ்ஸில் போனால் உள்ளுறுப்புகள் கூழாகிவிடும். ஒரு டிபன் டப்பாவில் ஐஸ் வாங்கிப் போட்டு, கணவாயைத் தனிப் பையில் கட்டி அதன் மேல் வையுங்கள். ஐஸ் உருகிய தண்ணீர் உடலுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேசை

வேண்டியவை அதிகம் இல்லை. விளிம்புள்ள ஓர் அகலத் தட்டு, நுனி மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல், இரண்டு இடுக்கி, கைலென்ஸ், மெடிக்கலில் கிடைக்கும் இரண்டு மில்லி சிரிஞ்ச், கேசரிக்குப் போடுவது போன்ற உணவுச் சாயத்தில் நீலம் அல்லது பச்சை, ரப்பர் கையுறை. இறால், நண்டு சாப்பிட்டால் உடம்பில் தடிப்பு வருகிறவர்கள் கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

இன்னொன்று உப்புத் தண்ணீர். ஒரு லிட்டர் குடிநீருக்கு 35 கிராம் கல்லுப்பு போட்டுக் கரைத்து, ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவிடுங்கள். குழாய்த் தண்ணீரை நேரடியாக ஊற்றாதீர்கள். கணவாயின் ரத்தம், சிறுநீர், அது வாழும் கடல்நீர் மூன்றுக்கும் உப்புச் செறிவு ஏறத்தாழ ஒன்றுதான். நல்ல தண்ணீர் பட்டால் திசுக்கள் நீரை இழுத்து ஊதி வெளுத்துவிடும், மெல்லிய ஒட்டுறுப்புகள் அடையாளம் தெரியாமல் போகும்.

இந்தச் சமச்செறிவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் சிறுநீரகத்துக்குப் பெரிய தலைவலி நீரை மிச்சப்படுத்துவது. கணவாய்க்கு அந்தக் கவலையே இல்லை. அதனால் சிறுநீரை அடர்த்தியாக்கும் ஹென்லே வளைவு போன்ற அமைப்பு எதையும் அதில் தேடாதீர்கள். அதன் சிறுநீர் உறுப்புகளுக்கு வேறு வேலை இருக்கிறது: அம்மோனியாவை வெளியே தள்ளுவது, சில அயனிகளின் அளவைச் சரிப்படுத்துவது. உதாரணமாக ஓட்டுக்கணவாயின் ரத்தத்தில் சல்ஃபேட், கடல்நீரில் இருப்பதைவிட மிகவும் குறைவு. அப்படிக் குறைத்து வைப்பதில் சிறுநீருக்குப் பங்குண்டு.

திறப்பது

கணவாயைத் தட்டில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலைக்குக் கீழே குழாய் போல நீட்டிக்கொண்டிருக்கும் புனல் உங்களைப் பார்த்து மேலே இருக்க வேண்டும். புனல் இருக்கும் பக்கம்தான் வயிற்றுப் பக்கம். உடலைச் சுற்றியிருக்கும் தடித்த சதைப் போர்வையின் பெயர் மேண்டில். கத்தரிக்கோலின் ஒரு முனையை மேண்டிலின் கழுத்தோரத்தில் நுழைத்து, நடுக்கோட்டில் வால் நுனி வரை வெட்டுங்கள். வெட்டும்போது உள்முனையை மேல்நோக்கித் தூக்கிப் பிடியுங்கள். அடியில் வெள்ளி போல மின்னும் மைப்பை இருக்கிறது. அது கிழிந்தால் தட்டு முழுக்கக் கறுத்து, அன்றைய வேலை அதோடு முடிந்தது.

இருபுறமும் மேண்டிலை விரித்துத் தட்டை உப்புத் தண்ணீரால் நிரப்புங்கள். உறுப்புகள் தண்ணீரில் லேசாக மிதந்து விரியும். இப்போது அவசரப்படாமல் பாருங்கள். இருபக்கமும் இறகு வடிவில் இரண்டு செவுள்கள். நடுவில் மேலிருந்து கீழாகக் குடலின் கடைசிப் பகுதி, அதன் மேல் படுத்திருக்கும் மைப்பை. பெண் கணவாயாக இருந்தால் நடுவில் பெரிய வெள்ளைச் சுரப்பிகள் ஒரு ஜோடி எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருக்கும். முட்டைக்கு உறை செய்யும் சுரப்பிகள் அவை. சிறுநீரகம் என்று பலர் நினைத்து ஏமாறுவது இவற்றைத்தான். இடுக்கியால் மெதுவாகத் தூக்கி, அடியை நறுக்கி எடுத்துவிடுங்கள்.

ரத்தத்தின் வழியைப் பிடிப்பது

இந்தக் கட்டத்தில்தான் பொறுமை வேண்டும். உறுப்பைத் தேடாதீர்கள், ரத்தத்தின் வழியைத் தேடுங்கள்.

ஒவ்வொரு செவுளின் அடிப்பாகத்திலும், அது உடலோடு சேரும் இடத்தில், வெளிறிய மஞ்சள் கலந்த ஒரு சின்ன உருண்டை தெரியும். அதுதான் செவுள் இதயம். இரு பக்கமும் ஒவ்வொன்று. இரண்டுக்கும் நடுவில், சற்று உள்ளே, ஒழுங்கற்ற வடிவில் வெண்ணிறமாக இருப்பது உடல் இதயம். ஆக மொத்தம் மூன்று. செவுளிலிருந்து ஆக்ஸிஜன் ஏறிய ரத்தத்தை வாங்கி உடம்புக்கு அனுப்புவது நடுவிலுள்ளது. உடம்பெல்லாம் சுற்றிக் களைத்து வரும் ரத்தத்தைச் செவுளுக்குள் தள்ளுவது பக்கத்திலுள்ள இரண்டும்.

இப்போது தலைப்பக்கம் வாருங்கள். தலையிலிருந்து குடலை ஒட்டி ஒரு மெல்லிய சுவருள்ள நாளம் இறங்கும். அது பெருஞ்சிரை. கீழே வந்ததும் இரண்டாகப் பிரிந்து, இடக்கிளை இடது செவுள் இதயத்துக்கும், வலக்கிளை வலது செவுள் இதயத்துக்கும் போகிறது. மைப்பையையும் குடலையும் ஒரு பக்கமாகத் தள்ளிப் பிடித்தால் இந்தப் பிரிவு தெரியும். கிளைகள் போகும் வழியில் அவற்றின் சுவர் வெளிப்புறமாகப் புடைத்து, பஞ்சு போலக் கொத்துக் கொத்தாக இருக்கும். அந்தக் கொத்துகள் ஒரு மெல்லிய பைக்குள் தொங்குகின்றன. அந்தப் பைதான் சிறுநீரகப் பை. கொத்துகளை இந்தக் கட்டுரையில் சிரைக்கொத்து என்று அழைக்கிறேன். புத்தகப் படம் "சிறுநீரகம்" என்று காட்டுவது இந்தப் பையையும் கொத்தையும் சேர்த்துத்தான்.

அடுத்து, கைலென்ஸை எடுத்துச் செவுள் இதயத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள். வால் இருக்கும் திசையில், இதயத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு குமிழ் இருக்கும். ஊசிக்கணவாயில் மிகச் சிறியது, இடுக்கி முனையால் இதயத்தை லேசாகப் புரட்டினால்தான் கிடைக்கும். அவசரத்தில் கொழுப்புத் துண்டு என்று நினைத்துக் கிள்ளி எறிந்துவிடுவார்கள். நாம் தேடி வந்த வடிகட்டி அதுவே. இதய ஒட்டு என்று வைத்துக்கொள்வோம்.

இனி சாயம். உப்புத் தண்ணீரில் சாயத்தைக் கரைத்துச் சிரிஞ்சில் ஏற்றுங்கள். தலைக்கு அருகில் பெருஞ்சிரையில் ஊசியை நுழைத்து, கீழ்நோக்கி, மிக மெதுவாக அழுத்துங்கள். வேகமாக அழுத்தினால் சுவர் கிழிந்து சாயம் தட்டில் கலந்துவிடும். சரியாகப் போனால், முதலில் சிரைக்கொத்துகள் நிறமேறி உப்புவதைக் காண்பீர்கள். அப்புறம் செவுள் இதயம் நிறம் மாறும். விரல் நுனியால் அந்த இதயத்தை மெல்ல அழுத்தினால் செவுளின் நடுநாளத்தில் நிறம் கோடாக ஓடும். இந்தப் படிப்பில் மறக்க முடியாத காட்சி என்றால் அந்தக் கோடுதான். உயிரில்லாத உடம்பில் வடிகட்டல் நடக்காது, சாயம் காட்டுவது ரத்தம் போகும் பாதையை மட்டுமே. ஆனால் அந்தப் பாதையே பாதி விடை.

இப்போது சிறுநீரின் வழி

ரத்தம் முதலில் சிரைக்கொத்தைக் கடக்கிறது, பிறகுதான் இதய ஒட்டுக்கு வருகிறது. சாயத்தில் பார்த்துவிட்டீர்கள். சிறுநீரோ இதய ஒட்டில் பிறந்து, பிறகு சிரைக்கொத்து இருக்கும் பைக்கு வருகிறது. அதாவது ரத்தம் போகும் வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் சிறுநீர் பயணிக்கிறது. புதிதாகப் படிப்பவர்களைக் குழப்புவது இதுதான். நம் உடம்பில் ரத்தம் முதலில் வடிகட்டிக்கு வருகிறது, அங்கிருந்து குழல்களைச் சுற்றிப் போகிறது, சிறுநீரும் அதே வரிசையில் நகர்கிறது. அந்த மனப்படத்தைக் கணவாயின் மேல் பொருத்தினால் எல்லாம் தலைகீழாகத் தெரியும்.

பேய்க்கணவாயில்தான் இது மிகத் தெளிவாக ஆராயப்பட்டிருக்கிறது. அதை வைத்தே சொல்கிறேன்.

செவுள் இதயம் சுருங்கும்போது ரத்தம் செவுளுக்குள் தள்ளப்படுகிறது. அந்த அழுத்தமே ரத்தத்தின் ஒரு பகுதியை இதய ஒட்டின் உட்குழிவுக்குள்ளும் தள்ளுகிறது. ஒட்டின் சுவரில் போடோசைட் என்னும் செல்கள் இருக்கின்றன. கிளாமருலஸைச் சூழ்ந்த பௌமானின் கிண்ணத்தில் படித்தோமே, கால் கால்களாக விரல் கோத்து நடுவே நுண்ணிய இடைவெளி விட்டு நிற்கும் செல்கள், அதே வகை. முதுகெலும்பே இல்லாத விலங்கில், முற்றிலும் வேறொரு பரிணாம வழியில் வந்த உடலில், அழுத்தத்தால் வடிகட்ட வேண்டும் என்ற தேவை வந்ததும் அதே வகைச் செல் அமைப்பு இருப்பது எனக்கு இன்றும் வியப்பு.

இந்த வடிகட்டி எதைத் தடுத்து நிறுத்த வேண்டும்? முக்கியமாக ஹீமோசயனினை. கணவாய் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பது இரும்புள்ள ஹீமோகுளோபின் அல்ல, செம்புள்ள ஹீமோசயனின். ஆக்ஸிஜன் ஏறினால் நீல நிறம். நம் ஹீமோகுளோபின் சிவப்பணுக்குள் பத்திரமாக இருக்கிறது, ஹீமோசயனினோ ரத்த நீரில் நேரடியாகக் கரைந்திருக்கிறது. எனவே வடிகட்டி கொஞ்சம் ஓட்டையானாலும் மூச்சுக்கு உதவும் புரதமே சிறுநீரில் போய்விடும். போகாததற்குக் காரணம் அதன் பேருருவம். பேய்க்கணவாயின் ஹீமோசயனின் மூலக்கூறு சுமார் 35 லட்சம் டால்டன் எடையுள்ளது. நம் ஹீமோகுளோபின் 64 ஆயிரம்தான். அத்தனை பெரியது அந்த இடைவெளிகளில் நுழையாது. நீரும் உப்பும் குளுக்கோஸும் அமினோ அமிலமும் மட்டும் கடந்து, ஒட்டைச் சூழ்ந்த இதய உறைக் குழிக்குள் சேர்கின்றன.

இது வெறும் ஊகம் அல்ல. 1965இல் ஹாரிசன், மார்ட்டின் என்ற இரு ஆய்வாளர்கள் பசிபிக் கடலின் ராட்சதப் பேய்க்கணவாயில் இதைச் சோதித்தார்கள். இன்யுலின் என்ற தாவர மாவுப்பொருளை ரத்தத்தில் செலுத்தினார்கள். இன்யுலின் வடிகட்டியைக் கடக்கும், ஆனால் எந்தக் குழலும் அதைத் திரும்ப உறிஞ்சாது, கூடுதலாகச் சுரக்கவும் செய்யாது. மனித சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனை அளக்கவும் அதையே பயன்படுத்துகிறார்கள். இதய ஒட்டைச் சூழ்ந்த குழியில் எடுத்த திரவத்தில், ரத்த நீரில் இருந்த அதே செறிவில் இன்யுலின் இருந்தது. வடிகட்டல் நடக்கும் இடம் அதுவே என்பதற்கு வலுவான சான்று அது. டயாலிசிஸ் படிப்பவர்கள் இந்தச் சோதனையின் தர்க்கத்தை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள், கிளியரன்ஸ் (ஒரு பொருள் ரத்தத்திலிருந்து எவ்வளவு வேகமாக நீக்கப்படுகிறது என்ற அளவு) என்ற கருத்து அதற்குப் பிறகு வெறும் மனப்பாடமாக இருக்காது.

இதய உறைக் குழியிலிருந்து சிறுநீரகப் பைக்கு ஓர் இணைப்புக் குழாய் போகிறது. பேய்க்கணவாயில் இது நீளமானது, ஒடுங்கியது. வடிந்த திரவம் இதன் வழியே நகரும்போது குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் திரும்ப ரத்தத்துக்கு இழுக்கப்படுகின்றன. நம் நெஃப்ரானின் அண்மைச் சுருள் குழல் செய்யும் வேலை இது. கணவாய் வகைகள் எல்லாம் இறைச்சி தின்னிகள். நண்டு, இறால், மீன் என்று புரதமே உணவு. அமினோ அமிலத்தைச் சிறுநீரில் விடுவது அவற்றுக்குக் கட்டுப்படியாகாது.

புரதமே உணவென்றால் கழிவு அம்மோனியா. நாம் அதை யூரியாவாக மாற்றி நீரில் கரைத்து அனுப்புகிறோம். கடல் நடுவே வாழ்கிறவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை, அம்மோனியாவாகவே விட்டுவிடலாம். இங்கேதான் சிரைக்கொத்து வேலைக்கு வருகிறது. கொத்துக்குள்ளே செவுளுக்குப் போகும் கழிவு ரத்தம், வெளியே பையில் நிற்கும் சிறுநீர், நடுவில் மெல்லிய செல்சுவர். பேய்க்கணவாயின் சிறுநீர் ரத்தத்தைவிடக் கொஞ்சம் அமிலத்தன்மை கூடியது. அம்மோனியா வாயு வடிவில் சுவரைக் கடந்து அந்த அமிலத்தில் விழுந்ததும் ஒரு ஹைட்ரஜன் அயனியைச் சேர்த்துக்கொண்டு அம்மோனியம் அயனியாகிறது. மின்னேற்றம் வந்துவிட்டதால் அதே சுவரைத் திரும்பக் கடப்பது எளிதல்ல. உள்ளே வந்தது உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. இப்படி அமிலத்தைப் பொறியாக வைத்து அம்மோனியாவைப் பிடிக்கும் உத்தி நம் சிறுநீரகத்திலும் உண்டு. இதோடு வேறு சில பொருள்களையும் கொத்தின் செல்கள் ரத்தத்திலிருந்து எடுத்துச் சுரக்கின்றன.

அம்மோனியா முழுவதும் இந்த வழியாகவே போகிறது என்று எழுதிவிடாதீர்கள். செவுள் வழியாகவும் பெரும்பங்கு நேராகக் கடல்நீருக்குப் போகிறது. தேர்வில் இதைச் சேர்த்து எழுதுகிறவர்கள் மிகக் குறைவு.

சிரைக்கொத்துகள் சும்மா தொங்குவதில்லை. உயிருள்ள விலங்கில் அவை தாமாகச் சுருங்கி விரிகின்றன. ரத்தமும் நகர்கிறது, பையிலுள்ள சிறுநீரும் கலக்கப்படுகிறது. கடைசியில் சிறுநீரகப் பையின் முன்புறம், குடலின் இருபக்கமும் உள்ள சின்ன முலை போன்ற துவாரங்கள் வழியாகச் சிறுநீர் மேண்டில் குழிக்குள் விழுகிறது. உங்கள் தட்டில் இந்தத் துவாரங்களைக் கைலென்ஸால் தேடுங்கள், சிரைகள் பிரியும் இடத்துக்குச் சற்று மேலே கிடைக்கும். மேண்டில் குழிக்கு வந்தபின் வேலை சுலபம். மூச்சுக்காக உள்ளே இழுத்த கடல்நீரை மேண்டில் அழுத்திப் புனல் வழியே பீய்ச்சும்போது சிறுநீரும் அதோடு போய்விடும். தனியாகச் சிறுநீர்க் குழாய் தேவையில்லை.

வழக்கமாக வரும் குழப்பங்கள்

மை சிறுநீர் அல்ல. இதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டும் கடைசியில் புனல் வழியாகவே வெளியேறுவதால் வரும் குழப்பம் இது. மைப்பை குடலோடு சேர்ந்தது, அதன் நாளம் மலத்துவாரத்துக்கு அருகில் திறக்கிறது. மையிலுள்ளது மெலனின் என்ற நிறமி, நம் தலைமுடியைக் கறுப்பாக்கும் அதே குடும்பம். அது தற்காப்புக்கு. சிறுநீர் நிறமற்ற திரவம்.

ஊசிக்கணவாயிலும் ஓட்டுக்கணவாயிலும் சிறுநீரகப் பைக்குள் இன்னொரு கொத்தும் நீட்டிக்கொண்டிருக்கும். செரிமானச் சுரப்பியின் நாளத்தில் முளைத்த ஒட்டுறுப்புகள் அவை. சிரைக்கொத்தோடு இதைக் குழப்பாமல் இருக்க ஒரே வழி சாயம்தான். பெருஞ்சிரையில் ஏற்றிய நிறம் எதற்குள் போகிறதோ அது சிரைக்கொத்து.

இரண்டாம் சுற்று

ஊசிக்கணவாயில் பாதை பிடிபட்டபின் ஓட்டுக்கணவாய் ஒன்று வாங்குங்கள். இதில் இதய ஒட்டு நன்றாக வளர்ந்து, செவுள் இதயத்திலிருந்து தொங்கும் தனி உறுப்பாகவே தெரியும். மைப்பை மிகப் பெரியது என்பதால் திறக்கும்போது இரண்டு மடங்கு கவனம் வேண்டும். பேய்க்கணவாய் கிடைத்தால் விடாதீர்கள். அதில் இரண்டு சிறுநீரகப் பைகளும் முழுதாகத் தனித்தனி, ஓட்டுக்கணவாயில் அவை உள்ளே தொடர்பு கொண்டவை. செவுள் இதயங்களும் கருஞ்சிவப்பு ஊதாவாக, தேடாமலே கண்ணில் படும். அந்த நிறத்துக்குக் காரணமான அடினோகுரோம் என்ற நிறமியில் இரும்பு இருக்கிறது.

கல்லூரியில் நுண்ணோக்கி பயன்படுத்த அனுமதி கிடைத்தால் இன்னொன்றும் செய்யலாம். பேய்க்கணவாய், ஓட்டுக்கணவாய் இவற்றின் சிரைக்கொத்துகளின் மேல் டைசியமிட் என்ற மிக நுண்ணிய ஒட்டுண்ணி விலங்குகள் தலையை ஒட்டிக்கொண்டு சிறுநீரிலேயே வாழ்கின்றன. புழு போன்ற உடல், ஆனால் வளர்ந்த ஒன்றில் மொத்தமே ஐம்பதுக்கும் குறைவான செல்கள். குடல் இல்லை, வாய் இல்லை, சூழ்ந்திருக்கும் சிறுநீரிலிருந்தே உணவை உறிஞ்சுகின்றன. வங்காள விரிகுடாக் கணவாய்களிலும் இவை பதிவாகியுள்ளன. கொத்தின் ஒரு துணுக்கைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, ஒரு சொட்டு உப்புத் தண்ணீரோடு பாருங்கள். ஐஸில் நாள்கணக்கில் கிடந்து வேலூர் வந்த சரக்கில் அவை அசைவது தெரியாது, உடல் சிதைந்தும் போயிருக்கலாம். அன்று பிடித்த கணவாய் கடற்கரையில் கிடைத்தால் வாய்ப்பு அதிகம்.

நோட்டில் எப்படி எழுதுவது

படம் வரையும்போது இரண்டு நிறப் பென்சில் எடுங்கள். நீலத்தால் ரத்தத்தின் அம்பு: பெருஞ்சிரை, சிரைக்கொத்து, செவுள் இதயம், செவுள், உடல் இதயம். செவுள் இதயத்திலிருந்து இதய ஒட்டுக்கு ஒரு சிறு கிளை அம்பு. மஞ்சளால் சிறுநீரின் அம்பு: இதய ஒட்டு, இதய உறைக் குழி, இணைப்புக் குழாய், சிறுநீரகப் பை, துவாரம், மேண்டில் குழி, புனல். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பக்கத்தில் அங்கே நடப்பதை ஒரே சொல்லில் எழுதுங்கள்: வடிகட்டல், மீள உறிஞ்சல், சுரத்தல், வெளியேற்றம். நாட்டிலஸ் பற்றிக் கேள்வி வந்தால் இந்தப் படத்தை அப்படியே போடாதீர்கள். அதற்கு நான்கு செவுள்கள் உண்டு, செவுள் இதயம் கிடையாது. இதய உறைக் குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் ஒட்டுறுப்புகள் செவுளுக்குப் போகும் நாளங்களின் மேலேயே முளைத்திருக்கும், எனவே நீல அம்பில் செவுள் இதயத்தை அடித்துவிட்டு அந்த நாளத்தை எழுத வேண்டும்.